பார்த்ததாகப் போட்ட டிக்

ஆண்கள் பொது வார்டில் அவளுக்குக் கடிகார சிஸ்டர் என்று பெயர். ஆறு மணி ஊசியை அவள் ஆறு ஐந்துக்குப் போட்டு யாரும் பார்த்ததில்லை. எழுந்திருக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பாள். நினைவில்லாமல் கிடப்பவராக இருந்தாலும், "ஐயா, இடது பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே கை வைப்பாள். "வீட்டுல எனக்கும் தனியா சார்ட் வெச்சிருக்கா" என்று அவள் கணவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒரு மெமோகூட வாங்காதவள்.

அந்த மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல். இருபத்தெட்டுக் கட்டில் வார்டில் நாற்பது பேர் கிடந்தார்கள். நர்ஸ்களிலேயே இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் டிரைவர் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. வாயைத் திறந்தால் "தா, தா" என்ற ஒரே சத்தம்தான். பாதம் தொங்கிப் போகாமலிருக்க வலது காலுக்குப் பலகை வைத்துப் பட்டையால் கட்டியிருந்தார்கள். தினமும் பகல் டியூட்டியில் அதைக் கழற்றி, குதிகாலைப் பார்த்து, தாளில் டிக் போட வேண்டும். சர்க்கரை இருக்கிற உடம்பு என்பதால் டாக்டர் அதை இரண்டு தரம் சொன்னார்.

முதல் நாள் அவள் ஒழுங்காகப் பார்த்தாள். இரண்டாம் நாள் மதியம் டிரைவர் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டித் தட்டிக் காலைக் காட்டினார்.

"பலகையைக் கழட்டணுமா? கூடாது ஐயா. அப்புறம் நடக்க முடியாது" என்றாள்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "விடிஞ்சதுலேருந்து அதையேதான் காட்டுறாரு சிஸ்டர். வலிக்குதோ என்னவோ."

"வலிச்சா நல்லதும்மா. உணர்ச்சி இருக்குன்னு அர்த்தம்."

அதற்குள் ஒன்பதாம் கட்டில்காரர் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டு ரத்தமாக நின்றார். அவள் ஓடினாள். டியூட்டி முடியும் முன் தாள்களை நிரப்ப உட்கார்ந்தபோது, 'குதிகால் பார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். எழுந்ததும் போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். போகவில்லை. மறுநாள் கை தானாகவே டிக் போட்டது.

அன்று ரத்த அழுத்தம் பார்க்கப் போனவளின் கையை டிரைவர் தட்டிவிட்டார்.

"என்னம்மா, வீட்டுலயும் இப்படித்தான் கோவக்காரரா?"

மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினாரு சிஸ்டர். ஒரு பயணியைக்கூட அதட்டினது கிடையாது."

தாளில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நான்காம் நாள் காலை, உடற்பயிற்சி கொடுப்பவர் வந்து பலகையைக் கழற்றினார். கழற்றியதும் நாற்றம் வந்தது. குதிகாலில் பாக்கு அளவுக்குக் கறுத்து, சுற்றிலும் தோல் வெந்ததுபோல் சிவந்திருந்தது. பட்டையில் ஒரு மடிப்பு விழுந்து அந்த இடத்தையே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. தலைமை நர்ஸ் தாளோடு வந்தார்.

"நேத்து நீதானே பார்த்தே? எப்படி இருந்துச்சு?"

வாய் முந்திக்கொண்டது. "நல்லாத்தான் இருந்துச்சு மேடம்."

"நீ பார்த்தேன்னா பார்த்துதான் இருப்பே. சர்க்கரை உடம்பு, ஒரே ராத்திரியில இப்படி ஆகிடும்" என்று அவரே முடித்துவைத்தார். டிக் போட்டவள் கடிகார சிஸ்டர் அல்லவா? யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் தலை நிமிர்ந்தபோது டிரைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் கம்பியைத் தட்டவில்லை. அதற்குப் பிறகும் தட்டவேயில்லை.

புண் இருக்கும் காலில் பாரம் ஏற்றக் கூடாது. எழுந்து நடந்து பழக வேண்டிய முதல் மாதங்கள் படுக்கையிலேயே போயின. வீட்டுக்கு அனுப்பியபோது சக்கர நாற்காலியில்தான் போனார். அவள் யாரும் சொல்லாமலே ஒன்றுவிட்டு ஒரு நாள், டியூட்டி முடிந்ததும் அவர்கள் வீட்டு மூன்று மாடி ஏறிப் போய்க் கட்டு மாற்றினாள். ஐந்து மாதம்.

"கூடப் பிறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க சிஸ்டர்" என்பாள் மனைவி. கன்னத்தில் அறைந்தாற்போல் இருக்கும். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று படியேறும்போது நினைப்பாள். இறங்கும்போது, புண் ஆறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைப்பாள். அவள் கட்டைப் பிரிக்கிற நேரமெல்லாம் டிரைவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "இன்னும் கூச்சம் போகல பாருங்க" என்று மனைவி சிரிப்பாள்.

புண் ஆறியது. அதற்குள் கால் விறைத்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக இரண்டு வருடம் இருந்து, ஒரு காலையில் மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஒரு மாதம் கழித்து அவள் மறுபடி அந்த மாடி ஏறினாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு நாள் பார்க்காமல் டிக் போட்டதை, தலைமை நர்ஸிடம் சொன்ன பொய்யை, ஒத்துழைக்கவில்லை என்று எழுதியதைக்கூட விடவில்லை.

மனைவி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"அஞ்சு மாசம் அவரு காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே சிஸ்டர். அப்பவாவது சொல்லியிருக்கலாம். பேச்சுதான் வரலையே தவிர, காது நல்லாத்தானே கேட்டுச்சு."

மனைவி எழுந்துபோய், மிச்சமிருந்த மருந்துப் பஞ்சையும் கட்டுத்துணியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். "எனக்கு எதுக்கு இது? ஆஸ்பத்திரிக்காவது ஆகும்." திட்டவில்லை. வாசல்வரை கூட வரவும் இல்லை.

மறுநாள் அவள் நடந்ததை நாள்வாரியாக எழுதி, கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்குக் கொடுத்தாள். வேலை போகும் என்று எதிர்பார்த்தாள். விசாரித்தார்கள். ஆள் இறந்துவிட்டார், குடும்பத்திலிருந்து புகார் இல்லை என்று சொல்லி ஓர் எச்சரிக்கையோடு கோப்பை மூடிவிட்டார்கள். "பழசைக் கிளறி என்ன ஆகப் போகுது, விடேன்" என்றார் தலைமை நர்ஸ்.

அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை டிரைவரின் மனைவிக்கும் தபாலில் அனுப்பினாள். பதில் ஏதும் வரவில்லை.