சட்டைப் பையில் இருக்க வேண்டிய ப்யூஸ்

பந்தல்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் வெள்ளாமைக் காட்டுப் பக்கத்தில், மோட்டாரில் கை வைக்கிறவர்கள் முதலில் பீங்கான் ப்யூஸ் கட்டை ஒன்றைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். மூணு பேஸ் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று நிச்சயமில்லாத ஊர். ப்யூஸ் தன் பையில் இருக்கிறவரை எவன் வந்து எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் மோட்டார் ஓடாது. என் அண்ணனும் அப்படித்தான் செய்வார். மதினி அவர் சட்டையைத் துவைக்க எடுத்தால் பையைத் தடவிப் பார்க்காமல் வாளியில் போட மாட்டார்.

நான் அருப்புக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி செய்யும் வெளியூர் நிறுவனம் ஒன்றின் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். செல்போனிலிருந்தே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் வசதியுள்ள பெட்டி அது. அதன் மென்பொருளை ஒரு பிரிவு எழுதுகிறது. பெட்டியையும் அதன் மின்சுற்றையும் இன்னொரு பிரிவு செய்கிறது. ஒரு நிறுவனம் தன் வேலையை எவ்வளவு முறையாகச் செய்கிறது என்று படிப்படியாக அளப்பதற்கு முதிர்ச்சி மாதிரிகள் என்று சில உண்டு. ஆள் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் வேலை ஒழுங்காக நடந்தால் அது கீழ்ப்படி. ஆள் மாறினாலும் வேலை கெடாது என்றால் மேல்படி. எங்கள் இரண்டு பிரிவுகளும் தனித்தனி மாதிரிகளைப் பின்பற்றி, தனித்தனியாக மேல்படிக்கு ஏறிச் சான்றிதழை மாட்டிக்கொண்டவை. இரண்டையும் ஒன்றாக இணைப்பது என் வேலை.

வேலை என்று பேர்தான். சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி மாதக்கணக்கில் இழுத்தது. மென்பொருள்காரர்கள் 'சோதனை' என்றால் பெட்டிக்காரர்கள் 'சரிபார்ப்பு' என்பார்கள். யார் சொல்லை வைப்பது என்பதிலேயே ஒரு கூட்டம் முடிந்துவிடும். நானும் சளைக்காமல் இரண்டு பக்கச் சொற்களையும் எதிரெதிராக வைத்துப் பொருத்திக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் அண்ணன் எங்கள் நிறுவனத்துப் பெட்டியை டவுனில் ஒரு கடையில் வாங்கி மாட்டிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. மதினிதான் போனில் சொன்னார்.

"தங்கச்சி கம்பெனிப் பொட்டியாம். ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாக."

எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் போர்க்கிணற்றில் கம்ப்ரசர் மோட்டார். பெல்ட் அடிக்கடி நழுவும். அன்று காலையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோதே கரண்டு போயிற்று. பெல்ட்டைச் சரிசெய்ய அதுதான் நேரம் என்று அண்ணன் போனில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். 'மோட்டார் நிறுத்தப்பட்டது' என்று பதில் வந்தது. ப்யூஸைப் பிடுங்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெல்ட்டில் கை வைத்தார். கரண்டு திரும்பி வந்தது. மோட்டார் தானாக ஓடியது. வலது கையில் நடு விரலும் மோதிர விரலும் போயின.

மதுரை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "போனு என் சேப்புலதான இருந்துச்சு? வேற யாரு போட்டிருக்க முடியும்?"

அந்தக் கேள்வி மற்றவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும். எனக்குப் புரிந்தது. ப்யூஸ் இருந்த இடத்தில் போனை வைத்திருக்கிறார். பையில் இருந்தால் பத்திரம் என்று அவர் கை பழகியிருந்தது.

நிறுவனத்தில் அந்தப் பெட்டியை வரவழைத்துப் பார்த்தார்கள். கரண்டு இல்லாதபோதும் மென்பொருள் ஓடும் பலகை ஒரு சின்ன பேட்டரியில் விழித்திருக்கும். அண்ணன் சொன்னது அதற்குக் கேட்டது, பதிலும் போட்டது. ஆனால் மோட்டாரை ஓட்டும் மின்சுற்று கரண்டு இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது, நிறுத்தச் சொன்னது அதற்கு எட்டவில்லை. கரண்டு வந்ததும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது. விவசாயிக்குத் தண்ணீர் வீணாகக் கூடாது என்று அதை அப்படித்தான் செய்திருந்தார்கள்.

அந்த வாரக் கூட்டத்தில் பெட்டிப் பிரிவின் தலைவர், "மேடம், எங்க சர்க்யூட் டிசைன்படி கரெக்டாதான் வேலை செஞ்சிருக்கு" என்றார்.

மென்பொருள் பிரிவின் தலைவர், "ஆஃப் கமாண்டுக்கு ரிப்ளை போயிருக்கு. எங்க சைடுல எல்லா டெஸ்ட்டும் பாஸ்" என்றார்.

"ரெண்டு பேரும் சரிதான் சார். எங்க அண்ணன் விரல் ரெண்டும்தான் தப்பு" என்றேன்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர்கள் பொய் சொல்லியிருந்தால்கூடத் திட்டி ஆறியிருப்பேன். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

கடைகளில் விற்ற பெட்டிகளிலெல்லாம் தானாக ஓடும் வசதியை ஆள் அனுப்பித் துண்டிக்கச் செய்தோம். நான் அதுவரை பொருத்தி வைத்திருந்த சொற்களை ஓரமாகத் தள்ளினேன். எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெட்டியும் மென்பொருளும் சேர்கிற இடத்தை இரண்டு பிரிவும் ஒரே மேசையில் ஒன்றாக உட்கார்ந்து சோதிக்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது, அந்த இடத்துக்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும் என்றேன். அது எங்கள் மாதிரியில் இல்லையே என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். அதனால்தான் இணைக்கிறோம் என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அந்த மேசையில் முதலில் முடிவானது ஒரு சாவி. அதை உருவினால் போனும் ஓட்டாது, கரண்டு வந்தாலும் ஓடாது. உருவிய சாவி சட்டைப் பையில் அடங்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அண்ணன் அதன் பிறகு மோட்டார் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. பெல்ட் நழுவினால் கூலிக்கு ஆள் வரும்வரை செடி வாடும். காட்டை விற்றுவிடலாமா என்றுகூட மதினியிடம் கேட்டிருக்கிறார்.

சாவி வைத்த புதுப் பெட்டி வந்ததும் நானே கொண்டுபோய் மாட்டச் செய்தேன். பெல்ட் நழுவிக் கிடந்தது, கரண்டும் இருந்தது. இது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன்.

"சரி, சரி. ஆபீஸு பேச்செல்லாம் இங்க வேணாம்" என்றார்.

இடது கையால் சாவியை உருவிப் பையில் போட்டார். போனை எடுத்து ஓட்டிப் பார்த்தார். மோட்டார் அசையவில்லை. மறுபடியும் பார்த்தார். அதற்கப்புறமும் அங்கேயே நின்றார். பிறகு ப்யூஸ் கட்டையையும் பிடுங்கி என்னிடம் நீட்டினார்.

"இது ஒங்கிட்ட இருக்கட்டும். நான் கைய எடுக்குற வரைக்கும் எங்கிட்டும் போயிராத."

போகவில்லை. விரல் போன அந்தக் கையை அவர் பெல்ட்டின் மேல் வைத்தார். அவர் வேலையை முடித்து வெளியே வரும்வரை ப்யூஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.