அத்தை வீட்டில் சின்னப்புள்ள

குழந்தைப் பருவம் என்பது புத்தகத்துச் சொல். எங்கள் பக்கம் "சின்னப்புள்ளையில" என்பார்கள். "சின்னப்புள்ளையில நான் கம்மாயில நீந்துவேன்" என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். எனக்கு ஏழு வயதில் அம்மா இறந்துபோனாள். கைக்குழந்தையாக இருந்த தம்பியை நான்தான் இடுப்பில் சுமந்தேன். அன்றிலிருந்து குன்றாண்டார்கோவில் பக்கத்து எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் "பெரியவ".

பதினாறு முடிந்ததும் அன்னவாசலில் கட்டிக்கொடுத்தார்கள். சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும். அங்கேயும் விடியுமுன் எழுந்துவிடுவேன். யாரும் சொல்லாமலே எல்லா வேலையும் செய்வேன்.

ஒரு நாள் சாயங்காலம் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். பத்து வயது நாத்தனார், கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைப் பிடித்தபடி நான் அதையே பார்த்து நின்றிருக்கிறேன். மாமியார் வந்து விளக்குமாற்றை வாங்கிக்கொண்டார்.

"நான் கூட்டிக்கிறேன். நீ போயி ஆடு ஆத்தா."

"எனக்கு ஆடத் தெரியாதுங்க அத்தை."

"தெரியாட்டி கத்துக்க."

நாத்தனாருக்கு ஒரே குஷி. "சில்ல இங்கிட்டுப் போடுங்க மதினி, கோட்ட மிதிக்காதீங்க!" என்று கத்தினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒற்றைக்காலில் தாவினேன். ரெண்டாவது கட்டத்திலேயே விழுந்தேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்த வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "மாமியா கூட்டுது, மருமக ஆடுது. நல்லாருக்குங்க!"

"அவ சின்னப்புள்ளதானுங்க" என்றார் அத்தை.

"கல்யாணம் ஆயிருச்சேங்க?"

"ஆனா என்ன? வயசு எங்க போச்சு?"

"சின்னப்புள்ள" என்று அதுவரை என்னை யாரும் சொன்னதில்லை. முகம் கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மறுநாளும் ஆடினேன். முதல் பிரசவம் வரைக்கும் அந்த வாசலில் ஆட்டம் நடந்தது.

என் மகள் ஆறாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் கேட்டதை வந்து சொன்னாள். குழந்தை என்ற சொல் 'குழ' என்பதிலிருந்து வந்ததாம். குழ என்றால் இளசு, மென்மை என்று அர்த்தமாம்.

"எந்த வயசு வரைக்கும்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லலம்மா."

அன்று அத்தையிடம் போய் அதைச் சொன்னேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தவர், "நல்ல வார்த்தையாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.