டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அக்கா

பிளஸ் டூவில் நான் வாங்கிய மார்க்குக்குத் திண்டிவனம் கல்லூரியில் பொதுப் பிரிவில் இடம் கிடைக்காது. அது எனக்கே தெரியும். அப்பா பட்டாளத்தில் இருந்து வந்தவர். முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடம்தான் ஒரே வழி. அதற்கான சான்றிதழ் வாங்க அப்பாவும் நானும் விழுப்புரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். கலந்தாய்வுக்கு நான்கே நாள்.

பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது மனைவி, பிள்ளைகள் பெயரெல்லாம் எழுதி அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எழுத்தர் புரட்டினார். "இதுல ஒரு பொண்ணுதான் சார் இருக்குது. அதுவும் இந்தப் பொண்ணு இல்லியே?"

அது என் அக்கா. நான் பிறப்பதற்கு முன்பே, ஒன்றரை வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். எல்லையில் இருந்த அப்பா லீவு கிடைத்து வந்து சேர்ந்தபோது, புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"எறந்ததுக்கு சர்டிபிகேட் குடுத்து பேர அடிச்சிருக்கணும். இந்தப் பொண்ண அப்பவே ஏத்தியிருக்கணும். இப்ப பாருங்க, எவ்ளோ பேஜாரு!"

அப்பா புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டு கிடையாது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் கத்தினேன். "செத்தவளுக்கு எடம் வெச்சிக்கினு, உசுரோட இருக்கிறவள தெருவுல நிக்க வெச்சிட்டியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?"

பாவி, எந்த வாயால் சொன்னேனோ.

"ஒன்ன ஏத்தப் போனா அத அடிக்கச் சொல்லுவாங்கம்மா," என்றார். "புக்குலயாவது இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்."

மறுநாள் காலையில் ட்ரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அக்காவின் இறப்புச் சான்றிதழை எடுத்தார். அத்தனை வருஷமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அலுவலகத்தில் படிவத்தை எழுத்தர் நிரப்பப் போனபோது, "நானே எழுதறேன் சார்," என்று பேனாவை வாங்கிக்கொண்டார். அக்காவின் பெயர், அதற்கு நேராக இறந்த தேதி. கீழே என் பெயர். வெளியே வந்து டீ வாங்கினார். குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தார்.

இடம் கிடைத்தது. பி.காம். முடித்தேன், வேலைக்கும் போகிறேன். பஸ் ஸ்டாண்டில் சொன்னதற்கு ஒருநாளும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வர வேண்டுமென்றால் அவருடைய இறப்புச் சான்றிதழை அதே அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும்.

"எப்பத்தாண்டி குடுப்ப?" என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

"நாளைக்குப் போறேம்மா," என்கிறேன்.

இரண்டு தடவை அந்த அலுவலக வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். சான்றிதழ் என் கைப்பையிலேயே இருக்கிறது.