தெரியும் என்று சொல்கிறவன்

சண்டை நடக்கிற கிளிவெட்டிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கந்தோரில் சேர்ந்தவனை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. துறைமுக வாசலுக்குப் பக்கத்தில், சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கிற சின்னக் கந்தோர் அது. இரண்டு கதிரை, ஒரு கணினி, நாங்கள் இரண்டு பேர். யுத்த காலத்தில் புதிதாக வருகிறவனை நம்பிவிட நான் என்ன மடையனா?

மத்தியானம் சாப்பிட்டதும் அவன் அந்தக் கணினியில் ஒரு விளையாட்டு விளையாடுவான். அதில் மனித முகத்தோடு ஓர் இயந்திரப் பெண், மனிதர்களுக்குள் ஒளிந்து வாழ்கிறாள். காவலர்கள் அவளைப் பிடித்து நிறுத்தி, விளையாடுகிறவனிடம் “இவளைத் தெரியுமா?” என்று கேட்பார்கள். தெரியும், தெரியாது என்று திரையில் இரண்டு பதில்கள் வரும். தெரியும் என்றால் அவனையும் சேர்த்துப் பிடிப்பார்கள். தெரியாது என்றால் அவளை மட்டும் கொண்டுபோய்த் துண்டு துண்டாகக் கழற்றிவிடுவார்கள்.

அவன் எப்போதும் தெரியும் என்றே அமத்துவான். பிடிபட்டு, ஆட்டம் முடிந்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவான்.

“ஏன் வீணா மாட்டுப்படுறீர்? தெரியாதெண்டு சொல்லிப்போட்டுப் போமன்,” என்றேன்.

“பாவம் அண்ணை. அவளின்ர கண்ணைப் பாருங்கோ.”

“அந்தக் கண்ணையும் ஆரோ ஒருத்தன் சம்பளத்துக்கு இருந்து செய்திருக்கிறான்.”

“செய்திருக்கட்டும். கேள்வியை என்னட்டைத்தானே கேக்கிறாங்கள்.”

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவரைத் தெரியும் என்று இவ்வளவு லேசாகச் சொல்கிறவன் யார்? இராணுவத்துக்கு ஆள் காட்டிக்கொடுக்கிறவன்தான். அன்றிலிருந்து அவன் முன்னால் தொலைபேசியில் கதைப்பதை நிறுத்தினேன். என் வீடு எங்கே என்று கேட்டபோது வேறொரு தெருவைச் சொன்னேன். அவனோ மனைவி, பிள்ளை, விட்டுவந்த வயல் என்று எல்லாவற்றையும் கொட்டுவான். அதையும் என்னிடம் கதை பிடுங்குகிற தந்திரம் என்றே நினைத்தேன்.

ஒரு பின்னேரம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் உப்புவெளிக்குப் போனோம். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் கிளிவெட்டி விலாசத்தைக் கண்டதும் சிப்பாய் அவனைத் தனியே நிறுத்தினான். அவன் என்னைக் கைகாட்டி, “அண்ணையோடதான் வேலை செய்யிறன்,” என்றான்.

சிப்பாய் என் பக்கம் திரும்பி, அரைகுறைத் தமிழில் கேட்டான். “இவன் தெரியுமா?”

எட்டு மாதம் ஒரே அறையில் இருந்து சோறு தின்றவர்கள் நாங்கள். அவன் முகத்தில் பயம் இருந்தது. ஆனாலும் நான் சொல்லுவேன் என்று நம்பித்தான் பார்த்தான்.

“ஒரே கந்தோர். வேறை ஒண்டும் தெரியாது,” என்றேன்.

அவனை உள்ளே கொண்டுபோனார்கள். நான் பஸ்ஸில் ஏறினேன். உண்மையைச் சொல்வதென்றால், தப்பிவிட்டேன் என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

மூன்று நாள் கழித்து வேலைக்கு வந்தான். உதடு வீங்கியிருந்தது. கதிரையில் ஒரு பக்கமாகத்தான் உட்கார முடிந்தது. அடித்தார்களா என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, என் வாயில் முதலில் வந்தது வேறு.

“என்னைப் பற்றி ஏதும் கேட்டவங்களோ?”

“ஓம் அண்ணை, கேட்டவங்கள். நல்லாத் தெரியும், நல்ல மனுசன் எண்டு சொன்னனான்.”