பூசை முடிந்து ஒரு மாத்திரை

பகலில் விழுப்புரத்தில் மருத்துவ மாணவர்களுக்கு மருந்துச்சீட்டு எழுதச் சொல்லிக்கொடுப்பேன். சாயங்காலம் திண்டிவனத்தில் என் சொந்த கிளினிக்கில் உட்கார்ந்து நானே எழுதுவேன். மாணவர்களுக்கு என்னைக் கண்டால் பயம். சுருக்கெழுத்தில் எழுதினால் மதிப்பெண் கிடையாது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, எத்தனை நாள், எல்லாம் முழுசாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒருமுறை என்பதற்கு 'ஓ.டி.' என்று எழுதியவனிடம், "பேஷன்ட் எங்கப்பா ஓடணும்?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிரிப்பு அடங்கியதும் என் சொந்தச் சரக்கை எடுத்துவிடுவேன். "கிராமத்துல கடிகாரம், காலண்டர்னு பேசிக்கிட்டு நிக்காதீங்க. அவங்க ஏற்கெனவே செய்யற ஒரு காரியத்தோட மாத்திரையை முடிச்சுப் போட்டுடுங்க. மாடு கறந்ததும் ஒண்ணு, நைட் சீரியல் முடிஞ்சதும் ஒண்ணு. அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாங்க." எல்லோரும் குனிந்து எழுதுவார்கள். சிலர் அடிக்கோடு போடுவதையும் பார்த்திருக்கிறேன்.

கிளியனூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும். சொந்த நிலத்தில் மல்லாட்டைப் பயிர் போடும் கத்தோலிக்கக் குடும்பம். மூட்டுவாதத்தால் விரல்கள் வீங்கி, காலையில் புடவையைக்கூடக் கட்ட முடியாமல் இருந்தவர். அவருக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தேன். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை அது. வாரம் ஒன்று என்றால் மருந்து, தினம் ஒன்று என்றால் விஷம். பாடத்தில் நான் குரலை உயர்த்திச் சொல்லும் இடமே இதுதான்.

சீட்டில் 'வாரம் ஒருமுறை' என்று ஆங்கிலத்தில் ஒழுங்காகத்தான் எழுதினேன். வாயால் சொன்னதுதான் வேறு. "ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவீங்கல்ல?" என்று கேட்காமல், "பூசைக்குப் போவீங்கல்ல? போய்ட்டு வந்து சாப்பிட்டுட்டு ஒண்ணு போட்டுக்கங்க. அவ்ளோதான்" என்றேன். அவர் சரிங்க என்று தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே திருப்தி.

ஆறு மாதம் எல்லாம் நன்றாகவே போனது. விரல்கள் மடங்கின. அடிக்கடி அலைய வேண்டாமே என்று எட்டு வாரத்துக்கான மாத்திரையைக் கிளினிக்கிலேயே மொத்தமாகக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காலையில் விழுப்புரத்தில் வார்டுக்குள் நுழைகிறேன், அவர் படுத்திருக்கிறார். வாய் முழுக்கப் புண், உதடு வெடித்து ரத்தம் கட்டியிருக்கிறது, காய்ச்சல் கொதிக்கிறது. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்குப் போகாமல், "நம்ம டாக்டரம்மா அங்கதான் இருக்காங்க" என்று அவருடைய வீட்டுக்காரர் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

நான் வருவதற்குள் மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி விவரம் கேட்டு எழுத ஆரம்பித்திருந்தாள். நான் அவள் பின்னால் போய் நின்றேன்.

"மாத்திரை எப்பல்லாம் போட்டீங்கம்மா?"

அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் வாய் வலித்தது. "பூசைக்குப் போய்ட்டு வந்து. டாக்டரம்மா சொன்ன மாதிரியே."

"பூசைக்கு எப்பப் போவீங்க?"

"எப்பவும் ஞாயித்துக்கெழம. இப்ப ஊர்ல திருவிழாவாச்சே. கொடியேத்துனதுலேர்ந்து தெனம் சாயங்காலம் பூசை." மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, "ஒரு நாளுகூட உடலீங்க, டாக்டரம்மா" என்றார்.

எட்டு வாரத்து மாத்திரை எட்டே நாளில் உள்ளே போயிருந்தது. மாணவியின் பேனா நின்றுவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். அந்த மருந்தை முறிக்கும் ஊசி போட்டோம், ரத்தம் ஏற்றினோம், தனி அறைக்கு மாற்றினோம். வெள்ளை அணுக்கள் ஏறவே இல்லை. நான் தினமும் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். பேச முடியாமல் போன பிறகும் என்னைக் கண்டால் எழுந்து உட்காரப் பார்ப்பார். ஐந்தாம் நாள் காலையில் உயிர் போய்விட்டது.

அடுத்த வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான், அதைச் சொல்லி ஒரு உயிரைப் பறித்தவளும் நான்தான் என்றேன். முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தன் மெதுவாக, "அப்ப எப்படி மேம் சொல்லணும்?" என்று கேட்டான். "படிக்காதவங்களுக்குச் சொல்றப்ப இதைவிடச் சுலபமா, இன்னும் எளிமையாச் சொல்லப் பழகணும்" என்றேன். அவ்வளவு நடந்த பிறகும் எனக்குத் தோன்றிய பாடம் அதுதான்.

ஒரு மாதம் கழித்து அவருடைய வீட்டுக்காரர் கிளினிக்குக்கு வந்தார். இருந்த நோயாளிகளையெல்லாம் முன்னே போகச் சொல்லிவிட்டுக் கடைசியாக உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணுங்க. நான் தெனம் பூசைக்கு வண்டில வச்சு கூட்டிக்கினு போனதாலதான் இப்டி ஆச்சுங்களா? நடுவுல ரெண்டு நாளு, கால் வலிக்குது, நான் வரலன்னு அவ சொன்னா. நான்தான், திருவிழாவும் அதுவுமா வூட்ல குந்திக்கினு இருப்பியான்னு இட்டுக்கினு போனேன்."

ஒரு மாதமாக அந்த மனுஷன் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

"இல்லீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அது வாரத்துக்கு ஒரு நாள் போடற மாத்திரை. ஞாயித்துக்கிழமை மட்டும்னு நான் சொல்லியிருக்கணும். பூசைக்குப் போய்ட்டு வந்து போடுங்கன்னு சொன்னேன். தப்பு என்னுது."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மேஜையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏங்க அப்டி சொன்னீங்க?"

"ஞாபகம் வச்சிக்க அவங்களுக்குச் சுலபமா இருக்கும்னு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஞாயித்துக்கெழமன்னே சொல்லியிருக்கலாங்களே, டாக்டரம்மா. என்னிக்கு ரேசன் போடுவான், என்னிக்குத் தண்ணி உடுவான்னு தெருவே அவகிட்டதாங்க வந்து கேக்கும். கெழம அவளுக்கு ஒரு நாளும் மறந்ததில்லீங்க."