பாவு நீட்டும் நாளில் அம்மா

எங்கள் தெருவில் பாவு நீட்டும் நாளில் அம்மாவும் தம்பியும் வீட்டுக்குள் இருப்பார்கள். வெளியே அப்பா தாழ்ப்பாள் போடுவார். விடிகாலையில் தெரு நீளத்துக்குத் தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளை விரித்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்ததை முடிச்சுப் போடுவார்கள். குறுக்கே நாய்கூடப் போகக்கூடாது. தம்பி ஒருமுறை போயிருந்தான். பத்து வயதாகியும் பேச்சு வராதவன். ஆனால் ஓட்டம் நன்றாக வந்தது. இழைகள் அறுந்து தெருவே ஏசியது. அன்றிலிருந்து அம்மா தெருவில் யாரிடமும் பேசுவதில்லை. வீட்டிலும் குறைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். எனவே அம்மாவைத் தேற்றும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். பொறுமையின் மகத்துவம் பற்றி வாரப் பத்திரிகையில் வந்த கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டினேன். நிறுத்தி, நிதானமாக, நன்றாகவே படித்தேன்.

"இத எழுதினவங்களுக்கு எத்தினி புள்ள?" என்றாள் அம்மா.

கட்டுரையில் அது இல்லை.

ஒருநாள் காலை பின்தெருப் பெண் ஒருத்தி, தன் மகளை இடுப்போடு அணைத்து இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அந்தச் சிறுமிக்கும் தம்பி வயதுதான் இருக்கும். வாயில் எச்சில் ஒழுகியது.

"எங்க தெருவுல இன்னிக்கு பாவும்மா. உள்தாழ்ப்பாள இவளே தொறக்கக் கத்துக்கினா. உங்க புள்ளயும் பாவுக்குள்ள ஓடிச்சாமே, அதான் இங்க இட்டாந்தேன்."

அம்மா நகர்ந்து வழிவிட்டாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் கவனிக்கவே இல்லை. அவன் சுவரைத் தட்டினான். அவள் உட்கார்ந்து ஆடினாள்.

"இவன் கடிப்பான்," என்றாள் அம்மா, எச்சரிக்கையாக.

"எங்க, காட்டு."

அம்மா முழங்கையைக் காட்டினாள். வந்தவள் தோளைக் காட்டினாள். சேலைக்கடையில் கரை பார்ப்பதுபோல் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"உன்னுது ஆழம்மா," என்று அம்மா ஒப்புக்கொண்டாள். முழங்கையை முந்தானையால் மூடிக்கொண்டே, "செத்துடலாம்னு தோணுது," என்றாள்.

நான் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். எங்களில் யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் கோயில், மந்திரம், சொந்தக்காரர் என்று ஊரையே கூட்டியிருப்போம்.

"எனக்கும் தோணும். உனக்கு எப்ப?" என்றாள் வந்தவள்.

"விடிகாலையில."

"எனக்கு வெளக்கு வெக்கிற நேரம். அப்ப நீ வா, காலையில நான் வரேன்."

அம்மா சிரித்தாள். தறியில் இருந்த அப்பா நெய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

அதன்பிறகு எங்கள் தெருவில் பாவு என்றால் அம்மா தம்பியுடன் அங்கே போனாள். அங்கே பாவு என்றால் அவர்கள் இங்கே வந்தார்கள். வெளியே தாழ்ப்பாள் போடும் வேலை அப்பாவுக்கு இல்லாமல் போயிற்று. மழைக்காலம் வந்தது. தெருவெல்லாம் சேறு, எங்கும் பாவு கிடையாது. அம்மா தம்பிக்குச் சட்டை மாட்டினாள்.

"இன்னிக்கு எந்தத் தெருவுல பாவு?" என்றார் அப்பா.

"எங்கியும் இல்ல."

"அப்ப எங்க போற?"

"அவ ஊட்டுக்குத்தான்."

"சோறு?"

"உங்க பொண்ணு படிச்சவதானே. ஆக்குவா."

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவிலேயே நடந்து போனாள். நான் சோறு ஆக்கினேன். நன்றாகவே வந்தது.