மூன்றாம் காட்சியில் கேட்காமல் விட்ட கடன்

ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோ, கேரளம் தனி மாநிலமாகியிருந்த சமயம். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். எழுத்தாளன் என்ற மிதப்பும் கொஞ்சம் உண்டு. ஊர் வாசகசாலை ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதித் தரச் சொன்னார்கள்.

நாடகம் என்றால் கதாநாயகனுக்கு ஏதாவது இக்கட்டு வேண்டுமே. கடன் கேட்க வைத்துவிட்டால் போதும், கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அதற்கு ரொம்ப யோசிக்கவும் இல்லை. ஒரு மாதம் முன்பு ராவுத்தர் ஜவுளிக்கடைக்கு வேட்டி எடுக்கப் போனபோது, பக்கத்துத் தோட்டத்தில் விவசாயம் செய்யும் தோட்டக்காரர் உள்ளே நின்று, தோள்துண்டை முறுக்கியபடி மகள் கல்யாணத்துக்குக் கைமாற்று கேட்டது என் காதில் விழுந்திருந்தது. அந்த வருஷம் அவருடைய கிணறு இடிந்து வெள்ளாமை போய்விட்டது. கிணறு, துண்டு எல்லாவற்றையும் அப்படியே தூக்கி நாடகத்தில் வைத்தேன். போதாதென்று, மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்த கடைக்காரரை, துண்டைக் காலில் போடச் சொல்கிற கல்நெஞ்சராக்கினேன். பெயரைத்தான் மாற்றிவிட்டோமே, யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு.

பெட்ரோமாக்ஸ் வாடகையை மிச்சம் பிடிக்க, மத்தியானம் மூன்று மணிக்கே நாடகம் தொடங்கியது. எங்கள் நடிகர்கள் யாரும் வசனம் மனப்பாடம் செய்கிறவர்கள் இல்லை. வயல்காட்டு வேலைக்கு நடுவே அவர்களுக்கு ஏது நேரம்? பக்கத் திரைக்குப் பின்னால் நின்று நான் வரி வரியாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் அதை வாங்கி உரக்கச் சொல்வார்கள்.

இரண்டாம் காட்சி முடிகிற நேரத்தில் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில் தோட்டக்காரர். அவருக்குப் பக்கத்தில் பொள்ளாச்சியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார். கடன் இல்லாத பூமி என்று சொல்லித்தான் அந்தச் சம்பந்தம் கூடிவந்திருந்தது. நாடகம் பார்த்துவிட்டுப் பெண் வீட்டில் கை நனைப்பதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதி என்றால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிடுவார்கள். இடிந்த கிணற்றை அவர்கள் அன்று காலையில்தான் பார்த்திருப்பார்கள். மேடையிலும் கிணறு இடிந்தாயிற்று. அடுத்த காட்சியில் கடனும் கேட்டுவிட்டால் மிச்சத்தைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றாம் காட்சி. விவசாயி வேஷக்காரர் கடைக்குள் வந்து, துண்டை முறுக்கிக்கொண்டு என் வரிக்காகக் காத்து நின்றார். நான் கையிலிருந்த நோட்டை மூடினேன். மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்கப் பணத்தோடு வந்திருப்பதாகச் சொல்லிக் கொடுத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரும் அதையே சொன்னார். கடைக்காரர் வேஷக்காரருக்குச் சிரித்த முகமாக நாலு சேலை எடுத்துப்போட வேண்டியதாயிற்று. அதற்குமேல் கதைக்கு நான் எங்கே போவது? ஐந்து காட்சி நாடகம் அங்கேயே மங்களம் பாடிவிட்டது. ஜப்தி செய்ய வேண்டிய அமீனாவாக மீசை ஒட்டிக்கொண்டு காத்திருந்தவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இதற்கா பந்தல் போட்டார்கள் என்று ஜனங்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

மறுநாள் காலை தோட்டக்காரர் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்துவிட்டார்கள், தையில் கல்யாணம் என்றார். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. கிளம்பும்போதுதான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"ஏனுங்க வாத்தியாரே, கெணறு இடிஞ்சப்பவே அது நான்தான்னு தெரிஞ்சுபோச்சுங்க. எந்திரிச்சுப் போனா அவுங்களுக்குச் சந்தேகம் வந்துருமேன்னு உக்காந்திருந்தேன். நீங்க சேலைன்னு சொல்லிக்குடுத்தது, அவரு சொல்றதுக்கு முன்னாலயே எனக்குக் கேட்டுருச்சுங்க. அப்பத்தானுங்க மூச்சு வந்துச்சு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல், கல்யாணத்தில் பந்தி விசாரிக்க நான் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அதன் பிறகும் நிறைய எழுதினேன். ஆனால் அடுத்தவர் கஷ்டத்தை எழுத உட்காரும்போதெல்லாம், எழுந்து போகவும் முடியாமல் அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் நினைவுக்கு வந்து, என் கையைக் கொஞ்சம் நிறுத்திவிடுகிறது.